ஒன்பது ஜன்னல், இரண்டு கதவு: திருவொற்றியூர் வீடு ஒன்றுக்குக் கண்ணாடி தேர்ந்தெடுத்த கதை

கொட்டேஷன் ஒரே வரியில் இருந்தது. “யூபிவிசி ஸ்லைடிங், 5+12+5 டி.ஜி.யூ., மொத்தம் 11.” அதாவது, பிளாஸ்டிக் சட்டத்தில் நகர்ந்து திறக்கும் இரட்டைக் கண்ணாடி: 5 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 12 மி.மீ. காற்று. அதற்குக் கீழே ஒரு தொகை. அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, டபுள் கண்ணாடி போட்டா சத்தமும் வராது, சூடும் வராதுன்றாங்க. நெசமா?”

பாதி நிஜம் என்றேன். எந்தப் பாதி என்று விளக்கத்தான் அடுத்த நாலு மாதம் போயிற்று.

நான் கண்ணாடி விற்பவன் இல்லை. தண்டையார்பேட்டையில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்துக்கொண்டு வீட்டு வரைபடம், மேற்பார்வை என்று ஓடிக்கொண்டிருக்கும் சிவில் ஆள். 2024 ஏப்ரலில் தொடங்கி அந்த வருடம் மழைக்காலம் முடியும் வரை இந்த ஒரு வீட்டின் ஜன்னல்களோடு எனக்கு இருந்த உறவை, நான் செய்த இரண்டு தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

வீடு தேரடிக்குக் கிழக்கே, எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. கீழே இரண்டு தளம் பழையது. அதற்கு மேல் புதிதாக இன்னொரு தளம் எழும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர், அவர் மனைவி, எண்பதைத் தாண்டிய அம்மா, மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி ஆகியோர் மேலே குடிவர இருந்தார்கள்.

கிழக்கே சாலை, அதைத் தாண்டிக் கல் கொட்டிய கரை, அப்புறம் கடல். சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவு பகல் என்று பார்க்காமல் ஊர்ந்துகொண்டிருக்கும். மேற்கே சின்னத் தெரு; எதிர்வீடு ஒரே தளம்தான் என்பதால் மாலை வெயில் தடையில்லாமல் வந்து விழும். தெற்கே மூன்றடி இடைவெளியில் பக்கத்து வீட்டுச் சுவர். வடக்கே காலி மனை. ஆக, நாலு பக்கமும் நாலு விதம். கொட்டேஷனில் மட்டும் எல்லாப் பக்கமும் ஒன்று.

கிழக்கில் இரண்டு ஜன்னலும் பால்கனிக் கதவும். வடக்கில் ஒரு ஜன்னல். மேற்கில் இரண்டு ஜன்னலும் பின்மாடத்துக்குப் போகும் கதவும். தெற்கில் சமையலறை, இரண்டாவது படுக்கையறை, இரண்டு குளியலறை என்று நாலு.

மேற்குச் சுவர்

சூட்டிலிருந்து தொடங்கினேன். ஏனென்றால் டி.ஜி.யூ. என்ற இரட்டைக் கண்ணாடியைச் சூட்டுக்காகத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

கண்ணாடி வழியாக வெப்பம் இரண்டு வழியில் உள்ளே வரும். ஒன்று, வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி என்ற வித்தியாசத்தால் கண்ணாடியைக் கடந்து வருவது. இதை யூ மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். இன்னொன்று, வெயில் நேரடியாகப் புகுந்து வருவது. இதற்கு எஸ்.எச்.ஜி.சி. என்று ஓர் எண் உண்டு. விழுகிற வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே போகிறது என்பதுதான் அது. டி.ஜி.யூ. விற்பவர்கள் முதல் எண்ணைப் பற்றியே பேசுவார்கள். பனி பெய்யும் நாடுகளில் அதுதான் முக்கியம். அங்கே வெளியே பூஜ்யத்துக்குக் கீழே, உள்ளே இருபது டிகிரி. சென்னையில் மே மாத மதியம் வெளியே 36 என்றால், ஏ.சி. போட்ட அறை 26. வித்தியாசம் வெறும் பத்து டிகிரிதான்.

வீட்டுக்காரர் கணக்குப் போடுவதில் ஆர்வமுள்ளவர். அதனால் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தின் பின்பக்கமே போட்டுக் காட்டினேன். மேற்கு ஜன்னல்கள் தலா 6 அடிக்கு 4 அடி. இரண்டும் சேர்ந்து 48 சதுர அடி, சுமார் நாலரைச் சதுர மீட்டர். சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு யூ மதிப்பு ஏறத்தாழ 5.7. பத்து டிகிரி வித்தியாசத்தில் இரண்டு ஜன்னலும் கடத்தும் வெப்பம் 250 வாட் அளவு. டி.ஜி.யூ. போட்டால் யூ மதிப்பு 2.8 ஆகும், வெப்பம் 125 வாட். பாதியாகக் குறைகிறது, உண்மை.

ஆனால் மே மாதம் மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 500, 600 வாட் வெயில் விழுகிறது. ஒற்றைக் கண்ணாடி அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் உள்ளே விடும். இரண்டு ஜன்னலுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2,000 வாட். ஒரு டன் ஏ.சி. என்பது 3,500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுவது. அதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு ஜன்னலிலேயே போய்விடும். பூச்சில்லாத சாதா டி.ஜி.யூ. போட்டால் எண்பது என்பது எழுபத்து சொச்சமாகும், 1,750 வாட். எல்லாம் கூட்டினால் 2,250 வாட்டிலிருந்து 1,875-க்கு வருகிறோம். கொட்டேஷனில் இருந்த கண்ணாடி தடுப்பது ஆறில் ஒரு பங்கைத்தான்.

“சன்ஷேடு இருக்கே தம்பி, ரெண்டடி?” என்றார். மேற்கில் அது பெரிதாக உதவாது. மே மாதம் நாலு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 34 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டடி சன்ஷேடின் நிழல் ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் கூடக் கீழே இறங்கும். ஐந்து மணிக்கு முக்கால் அடிகூட இல்லை. நாலடி ஜன்னலில் மீதி முழுக்க வெயில்தான். தெற்கு வடக்குச் சுவருக்குத்தான் சன்ஷேடு நல்ல குடை.

அப்போது மருமகள் கேட்டது நியாயமான கேள்வி. “அப்போ கறுப்புக் கண்ணாடி போட்டுடலாமா சார்? இல்ல, பாங்க்ல எல்லாம் போட்டிருக்காங்களே, கண்ணாடி மாதிரி முகம் தெரியுமே, அது?”

டின்ட் கண்ணாடி வெயிலைத் தடுப்பதைவிட விழுங்குவதுதான் அதிகம். விழுங்கியதில் ஒரு பங்கை உள்பக்கமும் வீசும். மாலையில் கையை வைத்துப் பார்த்தால் தோசைக்கல் ஞாபகம் வரும். ரிஃப்ளெக்டிவ் பரவாயில்லை, திருப்பி அனுப்பும். ஆனால் அதிலும் ரொம்ப இருட்டானதை எடுத்துவிட்டுப் பகலிலேயே டியூப்லைட் போட்டுக்கொண்டிருக்கும் வீடுகளை ராயபுரம் முதல் எண்ணூர் வரை பார்த்திருக்கிறேன். வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பாக 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, ஜன்னல் பரப்பு குறைவாக இருக்கும் வீட்டில் கண்ணாடி குறைந்தது 27 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே போகவே கூடாது என்பது என் கட்சியும். இன்னொன்றும் சொன்னேன்: வெளியே பளபளப்பதெல்லாம் பகலில்தான். ராத்திரி உள்ளே விளக்குப் போட்டால் தெருவில் நிற்பவருக்கு வீடு முழுக்கத் தெரியும்.

பழைய கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டுவது மூன்றாவது யோசனை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் டின்ட் கண்ணாடிக்கு மேலேயே உள்பக்கம் கறுப்பு ஃபிலிம் ஒட்டி, ஓரத்திலிருந்து செங்குத்தாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. யாரோ கல் விட்டெறிந்ததாகச் சண்டைகூட நடந்தது. கல் இல்லை, வெப்பம். நடுப்பகுதி வெயிலில் கொதித்து விரிய, சட்டத்துக்குள் மறைந்த ஓரம் சூடாகாமல் இருக்க, அந்த இழுப்பில் கண்ணாடி விட்டுவிடுகிறது. டஃபன்ட் செய்யாத, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துப் பலப்படுத்தாத கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கடைசியில் மேற்குக்கு நான் சொன்னது கண்ணாடியே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஓரடி தள்ளிச் சாய்வாக நிற்கும் அலுமினியப் பட்டைகள். வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நிழல். உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. வெளியே தடுத்தால் முக்கால் பங்குக்கு மேல் வாசலோடு போய்விடும். மூங்கில் தட்டி தொங்கவிடலாமே என்றார் வீட்டுக்காரர். கடற்காற்றில் ஒரு சீசன் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. பட்டைகளைப் பொருத்திய பிறகு மேற்கிலுள்ள சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு 5 மி.மீ. சாதா கண்ணாடியே போதுமென்று முடிவாயிற்று. அதில் மிச்சமான பணம் கிழக்கே போனது.

கிழக்குச் சுவர்

கிழக்குப் படுக்கையறை மகனுக்கும் மருமகளுக்கும். அங்கே பிரச்சினை லாரி. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஓர் இரவு பதினோரு மணிக்குக் கட்டி முடியாத பால்கனியில் நின்று செல்போனில் பார்த்தேன். முள் எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே ஆடியது. செல்போனை நம்பி வழக்குப் போட முடியாது, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும்.

இங்கேதான் டி.ஜி.யூ. பற்றிய பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. இரண்டு கண்ணாடி என்றால் இரண்டு மடங்கு அமைதி என்று நினைக்கிறோம். சத்தத்தைத் தடுப்பது எடை, கண்ணாடி அதிராமல் அடக்கும் தன்மை, பெரிய இடைவெளி, காற்றுப் புகாத பொருத்தம் ஆகிய நாலும்தான். 5+12+5 டி.ஜி.யூ.வில் இரண்டும் ஒரே கனம், நடுவே அரை அங்குலக் காற்று. அந்தக் காற்று ஸ்பிரிங் போல வேலை செய்து, 220 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு கண்ணாடியையும் சேர்த்து ஆட்டும். லாரி எஞ்சினின் உறுமல் அந்தத் தாழ்ந்த ஸ்தாயியில்தான் அதிகம். அதனால் தாளில் பார்த்தால் 5 மி.மீ. ஒற்றைக் கண்ணாடியின் ஒலித்தடுப்பு ஏறத்தாழ 30 டெசிபல், இந்த டி.ஜி.யூ.வுக்கு 31, 32. செலவுக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்குச் சரியான ஆள் லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பி.வி.பி. என்ற மெல்லிய பிளாஸ்டிக் ஏடு வைத்து அழுத்தி ஒட்டியது. காரின் முன்கண்ணாடி இதுதான். நடுவிலுள்ள ஏடு அதிர்வை விழுங்கிவிடும். 5+5 கண்ணாடிக்கு நடுவே 1.52 மி.மீ. ஏடு வைத்தால் ஒலித்தடுப்பு 37, 38 வரை போகும். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும் என்பதால், ஏழெட்டு டெசிபல் வித்தியாசம் சாதாரணம் இல்லை. கூடுதல் லாபம், உடைந்தாலும் துண்டுகள் ஏட்டோடு ஒட்டிக்கொண்டு சட்டத்திலேயே நிற்கும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று கீழ்த்தளத்தில் இரண்டு ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் சிதறியதை வீட்டுக்காரர் மறக்கவில்லை. சென்னைக்கு இந்தியத் தர நிர்ணயம் கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். கச்சாவாகக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம். 5 அடிக்கு 4 அடி ஜன்னலில் 280 கிலோ வந்து சாய்வது போல.

அடுத்தது ஸ்லைடிங்கா, கதவு போலத் திறக்கும் கேஸ்மென்ட்டா என்ற கேள்வி. ஸ்லைடிங் சட்டங்களுக்கு நடுவே தடுப்பது பிரஷ் போன்ற மயிர்ப்பட்டைதான். அது கொசுவைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. கேஸ்மென்ட் ஜன்னலை மூடிக் கைப்பிடியைத் திருகினால் ரப்பர் கேஸ்கெட் நசுங்கி அடைக்கும். விலை உயர்ந்த லேமினேட்டட் கண்ணாடியை ஸ்லைடிங்கில் போடுவது, நல்ல பூட்டை வாங்கி ஓலைக் கதவில் மாட்டுவது போல.

காற்று விஷயத்திலும் கேஸ்மென்ட்தான் ஜெயித்தது. இந்த வீட்டுக்குச் சத்தம் வரும் திசையும் கடற்காற்று வரும் திசையும் ஒன்று. வெயில் காலத்தில் மதியத்துக்கு அப்புறம் கடற்காற்று உள்ளே புகும்போது அதை விட்டுவிட்டு ஏ.சி. போடுவது பாவம். அந்தச் சம்ஹிதா, சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது, 16.66 சதவீதம். அது வீடு முழுக்கச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு என்றாலும் அறைக்கு அறையும் நல்ல அளவுகோல்தான். படுக்கையறை 12-க்கு 11 அடி, 132 சதுர அடி. ஆறில் ஒன்று 22. கிழக்கில் 20 சதுர அடி, வடக்கில் 12, ஆக 32 சதுர அடி ஜன்னல். ஸ்லைடிங் என்றால் பாதிதான் திறக்கும்: 16. கேஸ்மென்ட் என்றால் பத்தில் ஒன்பது பங்கு: கிட்டத்தட்ட 29. மூடினால் அமைதி, திறந்தால் முழுக் காற்று.

கண்ணாடி சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு இரண்டரைக் கிலோ. 5+5 போட்ட ஒரு பலகை, சட்டம் இல்லாமலே 25 கிலோவைத் தொடும். கீல் அதற்கேற்ற கனத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் பலகை தொங்கிக் கேஸ்கெட் ஒரு மூலையில் இடைவெளி விடும். வெளியே திறக்கும் ஜன்னலின் வெளிப்பக்கத்தை மேல்தளத்தில் நின்று யார் துடைப்பது? திறந்தால் சட்டத்திலிருந்து விலகி, கை நுழைய இடம் விடும் கீல் கிடைக்கிறது. அதைத்தான் போட்டோம். கொசு வலை உள்பக்கம் மடிப்பு வலையாக வந்தது. வடசென்னையில் வலை இல்லாத ஜன்னல் வெறும் படம்தான்.

எல்லாம் பொருத்திய அன்று இரவு மகன் போன் செய்தார். “சார், பெரிசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே.”

வயிற்றில் புளி கரைந்தது. போய்ப் படுக்கையறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். லாரி உறுமியது. சத்தம் ஜன்னலிலிருந்து வரவில்லை, தலைக்கு மேலிருந்து வந்தது. கிழக்குச் சுவரில் லிண்டலுக்கு மேலே இரண்டடிக்கு ஓரடியாக வென்டிலேட்டர் இருந்தது. பழக்க தோஷத்தில் நானே வரைபடத்தில் போட்டது. அதில் சாய்வாகச் செருகிய கண்ணாடி லூவர், எப்போதும் பாதி திறந்தபடி. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மற்ற இடத்தில் என்ன கனத்தில் கண்ணாடி போட்டாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. அந்தச் சுவர் சுமார் 120 சதுர அடி. ஓட்டை ஒரு சதுர அடி. ஏறத்தாழ நூற்றில் ஒன்று! இது என் முதல் தவறு. கண்ணாடியைப் பற்றி நாலு மாதம் பாடம் எடுத்தவன் சுவரைப் பார்க்கவில்லை.

வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, வடக்குச் சுவரில் மூடும் வசதியுள்ள வேறொன்றை வைத்தோம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியையும் மறுபடி பார்த்து, ஃபோம் மட்டும் அடித்திருந்த இடங்களில் வெளியே சீலன்ட் இழுத்தோம். அடுத்த இரவு அதே நேரத்தில் அதே போனில் அளந்தபோது, உள்ளே நாற்பதுகளில் இருந்தது.

பாட்டியின் அறை

டி.ஜி.யூ.வை நான் திட்டுவதாக இதுவரை தோன்றியிருக்கலாம். ஓர் அறைக்கு அதைத்தான் போட்டோம்.

மேற்குப் பக்க அறை பாட்டிக்கு. உடம்பு சரியில்லாதவர், நாளில் பெரும்பகுதி படுக்கையில்தான். ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும், அதுவும் 22, 23-இல். கீழ்த்தளத்தில் அவர் இருந்த அறையின் ஜன்னலைக் காலையில் போய்ப் பார்த்தால் வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். வழிந்து ஜன்னலின் அடித்திட்டுக்குக் கீழே சுவரில் பாசி. நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். குளிர்ந்த ஒற்றைக் கண்ணாடியின் வெளிமுகம் காற்றின் பனிப்புள்ளிக்குக் கீழே போனதும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போல வியர்க்கிறது. உள்பக்கம் எவ்வளவு துடைத்தாலும் நிற்காது.

நடுவில் காற்று இருந்தால் வெளிக்கண்ணாடி குளிராது, வியர்க்காது. ஏ.சி. நாள் முழுக்க ஓடும் அறையில் அந்த 125 வாட் மிச்சத்தில் இந்த ஒரு ஜன்னலின் பாதிப் பங்கும் மாதக்கணக்கில் கூட்டினால் அர்த்தமுள்ளது. இந்த ஒரு ஜன்னலுக்கு வெளியே 6 மி.மீ. வெயில் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி, 12 மி.மீ. காற்று, உள்ளே 5 மி.மீ. சாதா. பூச்சு எந்த முகத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது முகம், அதாவது வெளிக்கண்ணாடியின் உள்பக்கம். வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ என்ற பூச்சு வகையில் மென்பூச்சு என்று ஒன்று உண்டு. அது காற்றுப் பட்டால் கெட்டுவிடும், டி.ஜி.யூ.வுக்குள்தான் வாழும். பலகை மாறிப் பொருத்தினாலும் வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

வந்து இறங்கியதும் ஒரு தீப்பெட்டியோடு போனேன். கண்ணாடிக்கு முன்னால் குச்சியைக் கொளுத்திப் பிடித்துச் சாய்வாகப் பார்த்தால், முகத்துக்கு ஒன்றாக நாலு சுடர் தெரியும். அதில் ஒன்றின் நிறம் மட்டும் மாறியிருந்தால் அந்த முகத்தில் பூச்சு. இரண்டாவது சுடர் வேறு நிறம். சரி என்று கையெழுத்துப் போட்டேன். பேத்திக்கு இது மாயாஜாலம் போல இருந்திருக்கிறது. குச்சி தீரும் வரை விடவில்லை.

மீதி இடங்கள்

தெற்குப் பக்கத்தில் பேச அதிகம் இல்லை. வெயிலும் இல்லை, சத்தமும் இல்லை, பக்கத்து வீட்டு ஜன்னல் மட்டும் உண்டு. சமையலறைக்கும் இரண்டாவது படுக்கையறைக்கும் 5 மி.மீ. சாதா, ஸ்லைடிங். குளியலறைகளுக்குப் பின்ஹெட், அதாவது உள்ளே தெரியாத புள்ளி போட்ட கண்ணாடி. வடக்கு ஜன்னல் கிழக்கு அறையோடு சேர்ந்தது என்பதால் அதற்கும் லேமினேட்டட் கேஸ்மென்ட். ஹாலின் கிழக்கு ஜன்னலுக்கும் அப்படியே.

கதவுகளில் முதல் கேள்வி பேத்தி. ஓடி வந்து மோதும் உயரத்தில் கண்ணாடி இருந்தால் அது பாதுகாப்புக் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். டஃபன்ட் என்பது 620 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்தது. நாலைந்து மடங்கு பலம், உடைந்தால் கத்தி போல் நிற்காமல் கற்கண்டு போல் உதிரும். பின்மாடக் கதவுக்கு 6 மி.மீ. டஃபன்ட் போதும். பால்கனிக் கதவுக்கு டஃபன்ட் கண்ணாடி இரண்டை ஒட்டிய லேமினேட்டட். காரணம், டஃபன்ட் கண்ணாடியில் மிக அபூர்வமாக நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்து, யாரும் தொடாமலே ஒருநாள் வெடித்து உதிர்வது உண்டு. புயல் நாளில் அது நடந்தால் ஏழடி ஓட்டை. ஒட்டியதாக இருந்தால் சட்டத்திலேயே தொங்கும். ஆனால் இடமில்லாததால் அந்தக் கதவு ஸ்லைடிங்தான். ஹாலில் லாரிச் சத்தம் கொஞ்சம் கேட்கும் என்று முன்பே சொல்லிவிட்டேன். “டி.வி. சத்தத்துக்கு முன்னாடி லாரி எம்மாத்திரம்” என்றார் வீட்டுக்கார அம்மா.

இரண்டாவது தவறு இந்தக் கதவுகளில்தான். அவசரத்தில் சுவர்ப் பூச்சு வேலைக்கு முன்பே அளவு கொடுத்துவிட்டேன். பூசி முடித்தபோது பின்மாடத்து வாசல் ஒரு பக்கம் 8 மி.மீ. ஒடுங்கிவிட்டது. சட்டத்தை அங்கேயே அறுத்துச் சரிசெய்தார்கள். கண்ணாடியை என்ன செய்வது? டஃபன்ட் ஆன பிறகு வெட்ட முடியாது, ஓரம் தேய்க்கவும் முடியாது, துளைபோடவும் முடியாது. தொட்டால் மொத்தமும் உதிர்ந்துவிடும். புதிதாக ஆர்டர், இரண்டு வாரம். அதன் விலையை என் கூலியில் கழித்துக்கொண்டேன். அந்தப் பழைய கண்ணாடி இப்போது என் அலுவலக மேஜையாக இருக்கிறது.

உப்பு

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் முதலில் சாவது கண்ணாடி இல்லை, அதைப் பிடித்திருக்கும் இரும்பு. கீழ்த்தளத்தில் பத்து வருடத்து அலுமினிய ஜன்னல்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, திருகுகள் சிவப்பாக வழிந்திருந்தன. யூபிவிசி துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் அதற்குள்ளே வலுவுக்கு இரும்புக் குழாய் செருகியிருப்பார்கள். அது நல்ல ஜிங்க் பூச்சோடு இருக்கிறதா, ஒவ்வொரு பக்கமும் முழு நீளத்துக்கு இருக்கிறதா என்று வெட்டும்போதே பார்க்க வேண்டும். கீலுக்கும் திருகுக்கும் 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் கேட்டோம். 304-கூட இந்த உப்பில் பழுப்புப் பொட்டு விடும். காந்தத்தை வைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை என்றால் 316 என்று அர்த்தம் இல்லை, ஆனால் இறுக்கமாக ஒட்டிக்கொண்டால் நிச்சயம் அது இல்லை. இரண்டு பெட்டித் திருகு அப்படித் திரும்பிப் போனது.

சிலிகானில் ஒரு விஷயம். வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் அமில வகை. லேமினேட்டட் கண்ணாடியின் ஓரத்திலோ டி.ஜி.யூ. ஓரத்திலோ அது பட்டால் ஏடும் சீலும் மெல்ல மெல்லக் கெடும். ஓரத்தில் வெள்ளைப் படலம் வரும். நியூட்ரல் என்று போட்டதுதான் வாங்க வேண்டும். பொருத்த வந்த பையனிடம் இருந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். “சார் இன்னா மோப்பம் புடிக்கிறாரு” என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை. முதல் பெருமழையில் பாட்டி அறை ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் நின்றது. உள்ளே கசியவில்லை, ஆனால் வடியவும் இல்லை. யூபிவிசி சட்டத்தின் வெளிப்பக்கம் அடியில் நீள ஓட்டைகள் உண்டு, மழைநீர் வெளியேற. பூச்சுக்காரர் அழகாகச் சிமெண்ட் வைத்து அவற்றை அடைத்துவிட்டிருந்தார். டி.ஜி.யூ.வின் ஓரம் தண்ணீரிலேயே ஊறினால் சீல் விட்டு, நடுக்காற்றில் ஈரம் புகுந்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மூட்டம் படியும். அதைத் துடைக்க வழியே இல்லை, மாற்றத்தான் வேண்டும். கம்பியால் குத்தித் திறந்ததும் கொட்டிய தண்ணீரில் கருப்பாகத் தூசி கலந்து வந்தது. இப்போது மாதம் ஒருமுறை ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியோடு எல்லா ஜன்னலையும் சுற்றிவருவது வீட்டுக்காரரின் வேலை. கண்ணாடியையும் நல்ல தண்ணீரால்தான் கழுவுகிறார். உப்பு படிந்ததை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

மொத்தச் செலவு முதல் கொட்டேஷனைவிடக் கொஞ்சம் குறைந்தது, வெளிப்பட்டைகளையும் சேர்த்து. கிழக்கில் கூடுதலாகப் போட்டது, தெற்கிலும் சாப்பாட்டு அறையிலும் மிச்சமானது.

பொங்கலுக்குப் போயிருந்தபோது பாட்டி என்னைக் கூப்பிட்டு ஒரு குறை சொன்னார். “இன்னா நைனா, ஜன்னல் வச்சே. மீன்காரி கூவுறதே காதுல வுழல. ரெண்டு நாளா நெத்திலி வாங்காம வுட்டுட்டேன்.”

அந்தத் தெருவில் கூடைக்காரம்மா வருவது காலை ஏழு மணி வாக்கில். பாட்டியின் ஜன்னலில் ஒரு பலகையை ஆறரையிலிருந்து எட்டு வரை திறந்து வைப்பது, அந்த நேரம் ஏ.சி.யை நிறுத்துவது என்று மருமகளோடு பேசி முடிவு செய்தோம். வலை மட்டும் மூடியிருக்கும்.

கீழ்த்தளத்துக்கும் மாற்ற வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள். பூசி முடித்த பிறகுதான் அளவெடுக்க வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.